31ஆம் நாள்

(கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் குறுக்குத்தெரு ஒன்றில் ஒரு சிறிய அச்சகம்.)

வந்தவர்: ஐயா, 31ஆம் நாளுக்கு அழைப்பிதழ் அடிக்க வேண்டும். பெயர் கந்தையா.

அச்சகத்தார்: மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், பிள்ளை. அழைப்பிதழ் மட்டும் போதுமா, கல்வெட்டு என்கிற நினைவு மலரையும் சேர்த்து அடிப்போமா? தேவாரம், திருவாசகம், சிவபுராணம் எல்லாம் எங்களிடம் ஆயத்தமாக இருக்கின்றன; நீங்கள் வாழ்க்கை வரலாற்றை மட்டும் எழுதித் தந்தால் போதும்.

வந்தவர்: வரலாறு எழுதும் அளவுக்கு அவர் எதையும் செய்யவில்லையே. பால் குடிப்பார், உறங்குவார், நடுச்சாமத்தில் எழும்பி அழுவார்.

அச்சகத்தார்: கடைசிக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான். 'எவருக்கும் பாரமாக இராதவர்' என்று நானே எழுதிவிடுகிறேன். பாரமாக இருந்தவர்களுக்கும் அப்படித்தான் எழுதுவது வழக்கம். படம் கொண்டுவந்தீர்களா?

வந்தவர்: கைப்பேசியில் நிறைய உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டே இருக்கிறார்.

அச்சகத்தார்: பெட்டியில் வைத்து எடுத்த படம் வேண்டாம், பிள்ளை. அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றாவது இருக்குமே?

வந்தவர்: ஐயா, அவர் பிறந்தே மூன்று கிழமைதான் ஆகிறது. அவர் என் மகன். நான் கேட்பது பிள்ளை பிறந்த தீட்டைக் கழிக்கும் துடக்குக் கழிவுக்கு அழைப்பிதழ்.

அச்சகத்தார்: (கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி) துடக்குக் கழிவும் 31, செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டியும் 31. நீங்கள் கந்தையா என்றதும் நான் வேறு எதை நினைப்பது? உயிருள்ளவர்களின் விசேஷத்துக்கு அந்தப் பெயரைக் கடைசியாக அடித்தது ஒரு கலியாண அழைப்பிதழில். அதிலும் மணமகனின் பாட்டனாருக்கு, முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டு.

வந்தவர்: எனது மாமியாரும் இதைத்தான் சொன்னார். கிழவனின் பெயரைப் பச்சைப்பிள்ளைக்கு வைப்பதா என்று கேட்டார். அந்தக் கிழவனுக்கும் பச்சைப்பிள்ளையாக இருந்தபோதுதானே அந்தப் பெயரை வைத்தார்கள் என்றேன். அன்றிலிருந்து அவர் என்னோடு கதைப்பதில்லை.

அச்சகத்தார்: அவரைக் குறை சொல்லாதீர்கள். மரண அறிவித்தலை வாசித்துப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். 'காலஞ்சென்ற சின்னத்தம்பி, நாகம்மா தம்பதியரின் அன்பு மகனும், சிவபாக்கியத்தின் அன்புக் கணவரும், குணரத்தினம், யோகேஸ்வரி ஆகியோரின் பாசமிகு தந்தையும், ரஞ்சன், வசந்தி, சுகந்தி ஆகியோரின் அன்புப் பாட்டனாரும், நிரோஷன், தர்ஷிகா, லக்ஷிகா, டிலக்ஷன் ஆகியோரின் அருமைப் பூட்டனும்' என்று ஒரே வசனத்தில் ஐந்து தலைமுறையும் இறங்கி வந்துவிடும். ஈய எழுத்துக் கோத்த காலத்தில், எழுத்துப் பெட்டியில் ஷ கிடந்த அறையில் தூசி படிந்திருக்கும்; எப்போதாவது ஒரு விஷ்ணு கோயில் திருவிழாவுக்கு எடுத்துத் துடைப்போம். பிற்காலத்தில் ஒரு வீட்டுப் பூட்டப்பிள்ளைகளை அடித்து முடிப்பதற்குள் அந்த அறை வெறுமையாகி, பக்கத்து அச்சகத்தில் ஷ கடன் வாங்கினேன்.

வந்தவர்: கந்தையாவுக்கு ஷ தேவையில்லை. அதற்காகவாவது விலையில் கொஞ்சம் குறையுங்கள்.

அச்சகத்தார்: அது இருக்கட்டும். நட்சத்திரத்துக்கு எழுத்துக் கேட்டீர்களா?

வந்தவர்: திருவாதிரை. கு, க, ங, ச என்று நான்கு எழுத்துகள் தந்தார்கள். ங வரிசையில் ஒரு நாகரிகமான பெயர் சொல்லுங்கள், ஐயா; இப்போதே மாற்றிவிடுகிறேன்.

அச்சகத்தார்: (நெடுநேரம் யோசித்துவிட்டு) க நல்ல எழுத்துத்தான். ஆனால் எண் கணக்கும் பார்க்க வேண்டுமே? இப்போது எல்லோரும் பார்க்கிறார்கள்.

வந்தவர்: தமிழ்ப் பிள்ளையின் தலையெழுத்தை ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் பார்க்கும் அந்தக் கணக்கா? அதில் எச் என்ற எழுத்துக்கு மதிப்பு ஐந்தாம். எனது தங்கை, கூட்டுத்தொகை சரிவரவில்லை என்று தன் மகனின் பெயருக்குள் இரண்டு எச் செருகினாள். இப்போது பிறப்புச் சான்றிதழில் இரண்டு எச், கடவுச்சீட்டில் ஒன்று, பாடசாலை இடாப்பில் ஒன்றுமே இல்லை. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடிப்பதற்குச் சமாதான நீதவானைத் தேடி அலைகிறாள். அதிர்ஷ்டம் யாருக்கு என்றால், அந்தக் கடதாசியைத் தட்டச்சு செய்கிறவருக்கு.

அச்சகத்தார்: இருந்தாலும் இது கொழும்பு, பிள்ளை. வீட்டுக்குள் கந்தையா என்று கூப்பிடுங்கள்; வெளியில் சொல்வதற்கு நாகரிகமாக இன்னொன்றையும் சேர்த்து வைக்கலாமே?

வந்தவர்: அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1877இல் இதே கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமிக்கு, தாயார் இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர் என்பதால், கென்டிஷ் என்று நடுவில் ஒரு பெயர் இருந்தது. இன்று அந்தக் கென்டிஷை யார் சொல்கிறார்கள்? உலகம் படிப்பது குமாரசுவாமியைத்தான்.

அச்சகத்தார்: அவர் பேரறிஞர். உங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களே?

வந்தவர்: யார் செய்வது? முருகனின் ஆடிவேல் தேர் காலி வீதியால் வரும்போது வாசலில் தேங்காய் உடைத்து, கந்தா, கந்தா என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிற வீடுகள்தானே இங்கே இருக்கின்றன? தேரில் வரும்போது கும்பிடுகிற பெயர், தொட்டிலில் கிடக்கும்போது மட்டும் கூச்சம் தருகிறதா?

அச்சகத்தார்: (பேனாவை எடுத்து) சரி, எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எத்தனை எச்?

வந்தவர்: கடைசியில் ஒன்று. வெள்ளைக்காரன் காலத்து இடாப்பிலேயே இருக்கிற எச். எவரும் எண் பார்த்துப் போட்டதல்ல.

அச்சகத்தார்: குத்துவிளக்குப் படத்தை எடுத்துவிட்டுத் தொட்டில் படம் போடுகிறேன். பெயருக்கு முன்னால் 'செல்வன்' என்று பெரிய எழுத்தில் கட்டாயம் போடுவோம். இல்லாவிட்டால் சனங்கள் 'அமரர்' என்று வாசித்து, வெள்ளை உடுத்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்.

வந்தவர்: வந்தால் வரட்டும், ஐயா. மதியபோசனம் உண்டு என்பதை மட்டும் 'செல்வன்' என்பதைவிடப் பெரிதாகப் போடுங்கள். அந்தியேட்டி அழைப்பிதழிலும் அவர்கள் முதலில் தேடி வாசிப்பது அந்த வரியைத்தான்.