ஒன்பது நாள் ஆச்சு, உடையாமப் போய்ச் சேர்ந்துச்சா இல்லையா?

பழைய விளையாட்டுச் சாமான், கேசட், சிடி எல்லாம் வித்துப் பார்சல்ல அனுப்புறவ நான். என்கிட்ட வாங்கின ஒரு தம்பி முந்தாநாள் ராத்திரி என்னைத் திட்டிப் பதிவு போட்டது உங்க எல்லாருக்கும் தெரியும். அந்தப் பதிவை நீங்களே பார்த்தீங்க, பாதிப் பேர் எனக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியும் விட்டீங்க. அதை நான் இங்கே திரும்பப் போடப் போறதில்லை, அந்தத் தம்பியோட பேரையும் சொல்ல மாட்டேன். ஆனா "காசை மிச்சம் பிடிக்கிறதுக்காகச் சாதாப் பார்சல்ல போட்டு ஒன்பது நாள் காக்க வச்சிட்டாங்க, செட்டிநாட்டுக் கஞ்சத்தனம்"னு எழுதியிருக்காரே, அதுக்குப் பதில் சொல்லாம இருந்தா எனக்குச் சோறு இறங்காது.

அவர் வாங்கினது ஒரு பல்லாங்குழிப் பலகை, ஒரு பை சோழி, நாலு பழைய பாட்டு கேசட், ஒரு கம்ப்யூட்டர் கேம் சிடி. ஆர்டர் வந்த அன்னைக்கே ரெண்டு வழியும் எழுதி அனுப்பினேன். தபால் பார்சல்னா செலவு குறைவு, ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம். கூரியர்னா ரெண்டு மூணு நாள்ல வந்துடும், ஆனா ரெண்டு மடங்குக்கு மேல ஆகும். அதுக்கு அவர் போட்ட பதில் இன்னும் என் போன்ல இருக்கு: "சீப்பா இருக்கிறதையே போடுங்க அக்கா." அக்கான்னுதான் கூப்பிட்டார். ஒன்பதாம் நாள் பொருள் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அதே அக்கா எப்படிக் கஞ்சப்பிசினாறி ஆனா?

ஏன் கூரியர்ல அவ்வளவு ஆகுதுன்னு கேட்கிறவங்களுக்குச் சொல்றேன். பலகை, சோழி, கேசட் எல்லாம் சேர்த்து எடை 850 கிராம். ஆனா கூரியர்ல எடையை மட்டும் பார்க்கிறதில்லை, பெட்டி எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னும் பார்ப்பாங்க. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல வகுக்கணும். என் பெட்டி 40-க்கு 18-க்கு 10. பெருக்கினா 7200, வகுத்தா 1.44. அதாவது 850 கிராம் பொருளுக்கு ஒன்றரைக் கிலோ காசு. விளையாட்டுச் சாமான் எல்லாத்துக்கும் இதே கதிதான். தாயக்கட்டை கைக்குள்ள அடங்கிடும், அட்டைப்பெட்டி கேம் அப்படியில்லை, உள்ளே முக்கால்வாசி வெறும் காத்து. அந்தக் காத்துக்கும் சேர்த்து நீங்கதான் காசு கட்டணும்.

நான் விக்கிறது 200 ரூபாய், 300 ரூபாய்ப் பொருள். அதை அனுப்புற கூலி பொருள் விலையைத் தொட்டுடுச்சுன்னா யார் வாங்குவா? யாரும் வாங்க மாட்டாங்க. அந்தப் பலகை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு கடை மூலையில தூசி படிஞ்சு கிடக்கும், இல்லைன்னா விறகாப் போகும். இதைத்தான் நான் மூணு வருஷமாச் சொல்லிட்டு வர்றேன்: அனுப்புற செலவு குறைஞ்சாத்தான் இந்தப் பொருளுக்கு உயிர். இது என் லாபத்துக்காகச் சொல்ற பேச்சு இல்லை. தபால் செலவுல ஒரு ரூபாய் நான் கூட வச்சதில்லை, ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பிட்டுத்தான் கேட்பேன்.

"ஸ்பீட் போஸ்ட் 47 ரூபாய்தானே, அதுல போட்டிருக்கலாமே"ன்னு ஒருத்தர் அங்கே கமென்ட் போட்டிருந்தார். அய்யா, அந்த 47 ரூபாய் 2025 அக்டோபர் 1-ல வந்த புது விலை, சரிதான். ஆனா அது ஆவணத் தபாலுக்கு, அதுவும் 50 கிராம் வரைக்கும்தான். அந்த 47-க்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேற. பல்லாங்குழிப் பலகையை ஆவணம்னு எந்தக் கவுன்டர்ல ஒத்துக்குவாங்க? செய்தித்தாள்ல தலைப்பை மட்டும் படிச்சிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்காதீங்க. ஒரு வரி விடாமப் படிச்சிருக்கேன், என் பிழைப்பு அது.

இன்னொருத்தர், "ஞான போஸ்ட்ல 20 ரூபாய்க்குப் போகுமே"ன்னார். தபால் துறை புத்தகத்துக்குன்னு வச்சிருக்கிற மலிவுத் தபால் அது. போகும், புத்தகம் போகும். 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய், 5 கிலோ வரைக்கும் 100 ரூபாய், வரி தனி. 2024 டிசம்பர்ல அதுவரைக்கும் இருந்த பதிவுப் புத்தகத் தபாலை நிறுத்தினப்போ பதிப்பாளர்கள் எல்லாரும் தவிச்சுப் போனாங்க, 2025 மே 1-ல இது வந்த பிறகுதான் மூச்சு வந்துச்சு. எனக்கும் வந்துச்சு. விளையாட்டு விதிமுறைப் புத்தகம், குழந்தைகள் புதிர்ப் புத்தகம் தனியாக் கேட்டா அதுலதான் போடச் சொல்றேன். ஆனா அது அச்சடிச்ச புத்தகத்துக்கும் படிப்புக்கான பொருளுக்கும் உள்ள ஏற்பாடு. சோழிக்கும் கேசட்டுக்கும் கேம் சிடிக்கும் அதுல இடம் இல்லை. கவுன்டர்ல அதைத் தெரிஞ்சுக்கிட்டே மறைச்சு வச்சு அனுப்பச் சொல்றீங்களா? என்னால முடியாது. தினமும் அந்தக் கவுன்டர்ல முகம் பார்த்துப் பேசுறவ நான்.

என் அண்ணன் நியூஜெர்சியில இருக்கான். அங்கேயும் இதே கூத்துதான்னு சொல்வான். அமெரிக்கத் தபால்ல மீடியா மெயில்னு ஒண்ணு இருக்கு. 1938-ல புத்தகத்துக்குன்னு சலுகை விலையாத் தொடங்கினது, அப்புறம் இசைத்தட்டு, சிடி, டிவிடி எல்லாம் அதுல சேர்ந்துச்சு. ஆனா வீடியோ கேம் மட்டும் கூடாது. படம் இருக்கிற டிவிடி போகலாம், அதே வட்டமா அதே எடையில கேம் இருக்கிற டிஸ்க் போகக் கூடாது. சந்தேகம் வந்தா பிரிச்சும் பார்ப்பாங்களாம். உலகம் முழுக்க விளையாட்டுன்னா ஒரு இளக்காரம். படிப்பு உசத்தி, பாட்டு உசத்தி, விளையாட்டு வீண். எங்க வீட்டுல அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்க அப்பத்தாவுக்குக் கூட்டல் கழித்தல் வந்ததே பல்லாங்குழியிலதான். பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனா பதினாலு குழியில எதுல எத்தனை காய் கிடக்குன்னு திரும்பி உட்கார்ந்துக்கிட்டே சொல்வாக.

பேச்சு எங்கேயோ போகுது, இருந்தாலும் இதைச் சொல்லிடறேன். எங்க ஐயா, அதாவது அப்பாவோட அப்பா, பினாங்குல கடையில இருந்தாக. அங்கேயிருந்து அனுப்புற பார்சல் வந்தா வீட்டுல அன்னைக்கு விசேஷம் மாதிரி இருக்கும்னு அப்பா சொல்வாங்க. வெள்ளைத் துணியில சுத்தி, நெருக்கமாத் தையல் போட்டு, முடிச்சு மேல சிவப்பு அரக்கை உருக்கி முத்திரை வச்சிருக்கும். அப்பத்தா அந்தத் தையலைக் கத்தரிக்கோலால வெட்ட விட மாட்டாக, ஊசி நுனியால ஒவ்வொண்ணாப் பிரிச்சுத் துணியை மடிச்சு வைப்பாக. அந்தத் துணியில ஒண்ணு இப்பவும் என்கிட்ட இருக்கு. விலாசம் ஊதா நிறத்துல லேசாக் கரைஞ்சு தெரியுது. கப்பல்ல எத்தனை நாள் வந்துச்சுன்னு வீட்டுல யாருமே கணக்கு வச்சுக்கலை. வந்துச்சா, முத்திரை உடையாம இருந்துச்சா, அதைத்தான் பார்த்தாக.

"அந்தக் காலக் கதை பேசாதீங்க, இப்போ பத்து நிமிஷத்துல பால் பாக்கெட்டு வீட்டுக்கு வருது"ன்னு சொல்வீங்க. வருது. உங்க ஊர்ல வருது. திருவாடானைப் பக்கம் ஒரு கிராமத்துல ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் இருக்கார், ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் விளையாட்டுச் சொல்லித் தர்றார். அவருக்கு முதல் தடவை நான் கூரியர்லதான் போட்டேன், சீக்கிரம் போகட்டும்னு. பேர் சொல்ல விரும்பாத ஒரு கூரியர். நாலாம் நாள் அவருக்குப் போன், "உங்க ஊருக்கு டெலிவரி கிடையாது, தேவகோட்டை ஆபீசுக்கு வந்து வாங்கிக்கோங்க". எழுபது வயசு மனுஷன் பஸ் பிடிச்சுப் போய் வாங்கிட்டு வந்தார். என்கிட்ட ஒரு வார்த்தை குறை சொல்லலை. அதுவே எனக்குப் பெரிய தண்டனை. அடுத்த தடவை தபால்ல போட்டேன், ஆறாம் நாள் தபால்காரர் சைக்கிள்ல கொண்டு போய் வாசல்ல கொடுத்திருக்கார். நாடு முழுக்க 1,64,000-க்கு மேல தபால் நிலையம், அதுல பத்துல ஒன்பது கிராமத்துல. அந்தப் பிள்ளைகள் வீட்டு வாசல் வரைக்கும் போறது எதுவோ அதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். இதுல என்ன கஞ்சத்தனம்?

வேகமாப் போறதுல இன்னொண்ணும் பட்டிருக்கேன். போன வருஷம் ஒரு கிராமபோன் தட்டு, நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய வகை. அதெல்லாம் அரக்குல செஞ்ச தட்டு, இப்போ இருக்கிற பிளாஸ்டிக் மாதிரி வளையாது, ஓடு மாதிரி. ரெண்டு பக்கமும் தடி அட்டை, நடுவுல துணி, சுத்திலும் பழைய பேப்பரைக் கசக்கித் திணிச்சு, மேல "உடையும் பொருள்"னு சிவப்புல எழுதி, பணம் கூடக் கொடுத்து ஒரு கூரியர்ல போட்டேன். ரெண்டே நாள்ல சென்னை போயிடுச்சு. மூணு துண்டாப் போச்சு. பெட்டியோட ஒரு மூலை உள்பக்கமா நசுங்கியிருந்ததை அந்த அம்மா படம் எடுத்து அனுப்பினாங்க. பணத்தை நான் திருப்பிக் கொடுத்தேன், கூரியர்காரங்க எனக்குக் கொடுக்கலை. அந்தத் தட்டு இன்னொண்ணு கிடைக்காது. நான் அன்னைக்கு யாரையும் பொதுவெளியில நிறுத்தி ஒரு வார்த்தை எழுதலை.

தபால்லயும் தொலையாதா, உடையாதான்னா, தொலைஞ்சிருக்கு. ஒரு தடவை. அதோட விட்டுடுறேன்.

கட்டுற விதத்துலதான் பாதி இருக்கு. சிடியை அதோட பெட்டியில வச்சு அனுப்பினா நடுவுல இருக்கிற பல் உடைஞ்சு, அந்தத் துண்டே உள்ளே உருண்டு தட்டைக் கீறிடும். அதனால தட்டைத் தனியா எடுத்துக் காகித உறையில போட்டு, பிஸ்கட் அட்டை ரெண்டுக்கு நடுவுல வச்சு ஒட்டுவேன், காலிப் பெட்டி தனியாப் போகும். கேசட்டுக்குப் பென்சிலை விட்டு நாடாவை இறுக்கிச் சுத்திட்டு, ரெண்டு சக்கரமும் ஆடாம ஓட்டையில ஸ்பாஞ்சுத் துண்டு செருகுவேன். சோழியைப் பழைய வேட்டித் துணியில முடிஞ்சு பலகைக் குழிக்குள்ள அடக்கிடுவேன், குலுங்கினாச் சத்தமே வரக் கூடாது. ஒரு பார்சலுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதுக்கு நான் கூலி வாங்கினதில்லை. அந்தத் தம்பி தன் பதிவுல "பொருள் நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு ஒரு ஓரத்துல எழுதியிருக்கார். நல்லா இருந்துச்சுல்ல தம்பி? அது தானா நல்லா இருக்காது.

அவசரம்னா சொல்லுங்க, வேகமாப் போறதுல போடறேன், நான் எப்போ மறுத்தேன்? பிறந்தநாளுக்கு வேணும்னு கேட்டவங்களுக்கு ராத்திரி கட்டிக் காலையில ஸ்பீட் போஸ்ட் பார்சல்ல போட்டிருக்கேன். கையில வச்சு விளையாடுற மெஷின்ல லித்தியம் பேட்டரி இருந்தா விமானத்துல ஏத்தக் கட்டுப்பாடு இருக்கு, அதையும் முதல்லயே சொல்லிடறேன். ஒவ்வொரு பொருளுக்கும் அதுக்கான வழி. 300 ரூபாய்ப் பொருளுக்கு அவசரம் இல்லைன்னா மலிவான வழிதான் சரியான வழி. நூறு தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

கடைசியா அந்த வார்த்தை. செட்டிநாட்டுக் கஞ்சத்தனம். எங்க ஊர்ல எண்ணிச் செலவழிப்பாங்க, ஆமாம். அப்படி எண்ணிச் சேர்த்துத்தான் பக்கத்துல கோட்டையூர்ல ரோஜா முத்தையா வீடு நிறையப் புத்தகமும் பாட்டுப் புத்தகமும் நாடக நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும் குவிச்சு வச்சார். பெயர்ப்பலகை எழுதிப் பிழைச்ச மனுஷன். அவர் காலமானதுக்கப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994-ல சென்னையில அவர் பேர்லயே நூலகம் ஆச்சு. மத்தவங்க ரெண்டணா நோட்டீசுன்னு தூக்கிப் போட்டதை அவர் எடுத்து வச்சார். நான் அவர் கால் தூசிக்கு ஆக மாட்டேன். ஆனா நானும் யாரோ தூக்கிப் போட்ட பொருளை எடுத்து, துடைச்சு, வேணும்ங்கிறவங்க கைக்கு அவங்களால கொடுக்க முடிஞ்ச காசுல சேர்க்கிறேன். அதுக்கு எங்க ஊர்ப் பேரைச் சொல்லித் திட்டினது ரொம்ப வலிச்சுது. ரெண்டு நாளாப் பெட்டி கட்ட உட்கார்ந்தாக் கை வரலை.

தம்பி, அந்தப் பலகையோட வலதுபக்கக் கடைசிக் குழியில ஒரு சீட்டு மடிச்சு வச்சிருந்தேன். அப்பத்தா எனக்குச் சொல்லிக் கொடுத்த ஆட்டத்தை என் கையெழுத்துல எழுதி வச்சது. அதை எடுத்துப் பார்த்தீங்களா? பதிவுல அதைப் பத்தி ஒண்ணும் இல்லையே, அதான் கேட்கிறேன். பார்க்கலைன்னா இப்போ பாருங்க, துணி முடிச்சுக்கு அடியில இருக்கும்.

வாத்தியார் இன்னொரு பலகை கேட்டிருக்கார், பிள்ளைகள் கூடிட்டாங்களாம். நாளைக்குக் காலையில கவுன்டர் திறந்ததும் போடணும். பார்சல் தபால்லதான்.