நாமினி போட்டாச்சா? அப்புறம் பாருங்க கூத்தை

இனிமேல் யாராவது என்னிடம் வந்து "நாமினி பேர் போட்டிருக்கா? அப்ப கவலையே இல்லை" என்று சொன்னால், கையில் இருக்கும் ஜெராக்ஸ் கட்டை அப்படியே அவர் தலையில் போட்டுவிடுவேன்.

அப்பா இறந்துவிட்டார். அவர் போட்டிருந்த ஃபிக்ஸட் டெபாசிட்டில் அண்ணன்தான் நாமினி, அதாவது தனக்குப் பின் பணத்தை வாங்க அவர் எழுதிக் கொடுத்த ஆள். அவ்வளவுதான், மொத்தப் பணமும் அவனுக்கே என்று பெரியப்பா தீர்ப்பே எழுதிவிட்டார். வங்கிக்காரர்களோ நேரெதிர். நாமினி இருந்தும், "கோர்ட்ல சக்சஷன் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க" என்கிறார்கள், அதாவது பணத்தை வாங்கும் உரிமை யாருக்கு என்று கோர்ட் கொடுக்கும் சான்று. சொந்தக்காரர்களுக்கு நாமினி என்றால் எஜமான், கவுண்டருக்கு நாமினி என்றால் யாரோ வழிப்போக்கன். சட்டம் சொல்வது இரண்டுமே இல்லை. நாமினி பணத்தைக் கையில் வாங்கலாம், ஆனால் அது வாரிசுகளின் பணம். இன்ஷூரன்ஸ் வழக்கு ஒன்றில் 1983லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. கம்பெனி ஷேர்களுக்கும் அப்படித்தான் என்று 2023ல் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே என்று 2015ல் திருத்தினார்கள். சரி, பெரியப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குமா தெரியாது?

நாமினி இருந்தால் சக்சஷன் சர்டிபிகேட் கேட்காதே, 15 நாளில் பணத்தைக் கொடு என்று ரிசர்வ் வங்கி 2005லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதை பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்தேன். அந்த மனிதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, தாளைத் திருப்பி என் பக்கமே தள்ளினார். "அதெல்லாம் ஆர்பிஐ சொல்லும் மேடம். எங்க ரீஜனல் ஆபீஸ் ஒத்துக்காது." இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

வீட்டுக்கு அப்பா உயில் எழுதி வைத்திருந்தார். வெள்ளைத் தாள், அவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, வீடு அம்மாவுக்கு. பார்த்தவர் அத்தனை பேரும் ஒரே பாட்டு: "ரிஜிஸ்டர் பண்ணலையா? அப்ப செல்லாது." பத்திரம் எழுதுகிறவரே அப்படிச் சொன்னபோதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. உயிலைப் பதிவு செய்வது அவரவர் விருப்பம். முத்திரைத்தாளும் வேண்டாம். 1925ஆம் வருஷத்துச் சட்டம் கேட்பது எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும்தான். பதிவு செய்த உயிலுக்குப் பின்னால் பதிவு செய்யாத ஒன்றை முறையாக எழுதியிருந்தால் பின்னால் எழுதியதுதான் நிற்கும். பதிவு செய்தால் சண்டை வரும்போது நிரூபிக்கக் கொஞ்சம் சுலபம், அது வேறு விஷயம்.

அடுத்தவர் இன்னும் ஒரு படி மேலே போய் "புரொபேட் இருக்கா?" என்றார், அதாவது உயில் உண்மையானதுதான் என்று கோர்ட் கொடுக்கும் சான்று. வீடு இருப்பது மதுரையில், உயில் எழுதியதும் மதுரையில். எங்களைப் போன்ற இந்துக் குடும்பங்களுக்கு மெட்ராஸ், பம்பாய், வங்காளம் என்று சில இடங்களில் மட்டும் கட்டாயமாக இருந்த சமாச்சாரம் அது. அதைக் கட்டாயமாக்கிய, அதே 1925 சட்டத்தின் 213ஆம் பிரிவையே 2025 கடைசியில் நாடாளுமன்றம் தூக்கிவிட்டது. இல்லாத விதியைக் கேட்டு எங்களை அலையவிடுகிறார்கள்.

சரி, வாரிசுச் சான்றிதழாவது வாங்கிவிடுவோம் என்று இ-சேவை மையத்துக்குப் போனால், அங்கே டைப் அடிக்கிற பையன், "பாட்டி பேரெல்லாம் எதுக்குக்கா, விட்டுடுங்க" என்கிறான். இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகளோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு, எல்லோருக்கும் சம பங்கு. அப்பத்தாவை விட்டுவிட்டுக் கொடுத்தால் விசாரணைக்கு வரும் விஏஓ சும்மா விடுவாரா? சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவிடம் ஆதார் கேட்டால், "எம் மகனே போயிட்டான், எனக்கு எதுக்குத்தா பங்கு" என்று அழுகிறது. அந்த நேரம் பார்த்து சித்தப்பா, "பொம்பளப் பிள்ளைக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சுல்ல, உன் பேர் எதுக்கு அதுல?" என்று என்னைக் கேட்கிறார். அப்பா சம்பாதித்த சொத்தில் மகளுக்குப் பங்கு 1956லிருந்து இருக்கிறது சித்தப்பா. பூர்வீகச் சொத்தில்கூட தமிழ்நாடு 1989லேயே கொடுத்தது, 2005ல் நாடு முழுக்க வந்தது. நகைக்கும் பங்குக்கும் என்ன சம்பந்தம்?

இத்தனைக்கும் நடுவில், அதே வங்கியிலிருந்து அப்பாவின் போனுக்குக் கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது. போன வாரம் பெர்சனல் லோன் வேண்டுமா என்று ஒரு பெண் அழைத்து, அப்பா பெயரைச் சொல்லிக் கேட்டாள். "அவர் இறந்துட்டாரும்மா" என்றேன். "ஓகே மேம், ரெக்கார்ட்ல அப்டேட் பண்ணிடறோம்" என்று உடனே வைத்துவிட்டாள். அவளுக்கு ஒரு சர்டிபிகேட்டும் தேவைப்படவில்லை.