குண்டு வெடித்த ஊரில் நேரில் கண்டவரின் வேலை

2008 நவம்பர் 26 இரவு, மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையம். மும்பைத் தமிழர் பலர் வாயில் இன்றும் அது பழைய பெயரான விக்டோரியா டெர்மினஸ், சுருக்கமாக வி.டி. தான். வெளியூர் ரயிலுக்காகப் பெட்டி படுக்கையோடு காத்திருந்த கூட்டத்தின் மேல் இரண்டு பேர் ஏகே-47 துப்பாக்கியால் சுட்டார்கள், கையெறி குண்டுகளையும் வீசினார்கள். அந்த ஒரு நிலையத்தில் மட்டும் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே கட்டடத்தின் இன்னொரு பக்கம் புறநகர் ரயில்களின் நடைமேடைகள். அங்கே ரயில்கள் வந்து நின்று ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தன.

அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே தன் அறையின் கண்ணாடி வழியே நடப்பதைப் பார்த்தார். மைக்கை விடவில்லை. முன்பக்கம் வராதீர்கள், பின்வழியாக வெளியேறுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சுட்டவர்கள் அவர் அறையை நோக்கியும் சுட்டார்கள்.

அவருடைய வீரத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அவர் என்ன சொன்னார் என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். "ஓடுங்கள்" என்று மட்டும் ஒருவர் கத்தினால் கூட்டம் வழக்கமாகப் போய்வரும் வாசலை நோக்கித்தான் ஓடும். மனித மனம் பழகிய வழியைத்தான் தேடும். அன்று அந்த வாசல் பக்கம்தான் துப்பாக்கி இருந்தது. எந்தப் பக்கம் போகக்கூடாது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற இரண்டு தகவலும் சேர்ந்து வந்ததால்தான் அத்தனை பேர் பிழைத்தார்கள்.

தீவிரவாதத் தாக்குதலை நேரில் காண்பவரைப் பாவப்பட்ட பார்வையாளராகவே நம் ஊடகங்கள் காட்டுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் பத்து நிமிடத்துக்குப் போலீசும் இல்லை, ஆம்புலன்சும் இல்லை. அங்கே நிற்பவர்தான் இருக்கிறார். பல மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில் வந்து நிற்க வேண்டியவரும் அவரே. இந்த இரண்டு வேலைக்கும் நாம் யாரையும் தயார் செய்வதில்லை.

முதலில் சத்தம். அன்றிரவு பலர் அதைப் பட்டாசு என்று நினைத்தார்கள். கல்யாணமும் கிரிக்கெட்டும் வெடியோடு நடக்கும் நாட்டில் அது இயல்புதான். ஆனால் மூடிய கட்டடத்துக்குள் யாரும் சரவெடி கொளுத்துவதில்லை. சந்தேகம் வந்த நொடியே நகருங்கள், பிறகு தவறென்று தெரிந்தால் போகட்டும். நகரும்போது ஒரு வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். உங்களைக் கண்ணுக்கு மறைக்கும் பொருள் எல்லாம் தோட்டாவைத் தடுக்காது. பிளைவுட் கதவு, டீக்கடைத் தகரம், கார் கதவு எல்லாவற்றையும் ஏகே ரகத் தோட்டா துளைத்துக்கொண்டு போகும். தடுக்கக்கூடியவை தடித்த கான்கிரீட் தூண், கருங்கல் சுவர், கார் என்றால் இன்ஜின் இருக்கும் முன்பகுதி. ஒளிந்தே ஆக வேண்டுமென்றால் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, மேசை பீரோ எதையாவது கதவுக்கு முட்டுக்கொடுத்து, கதவுக்கு நேராக இல்லாமல் பக்கச் சுவரோரம் இருங்கள். போனில் மணியை மட்டுமல்ல, அதிர்வையும் நிறுத்துங்கள். அமைதியான அறையில் மேசை மேல் அதிரும் போன் வெளியே கேட்கும்.

இதை ஒரு நர்ஸ் அன்றே செய்து காட்டினார். நிலையத்திலிருந்து வெளியேறிய இருவரும் பின்பக்கச் சந்து வழியாக காமா மருத்துவமனைக்குள் புகுந்தார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை அது. அஞ்சலி குல்தே தன் வார்டின் கதவுகளைச் சாத்திவிட்டு, சுமார் 20 கர்ப்பிணிகளைக் கோடியில் இருந்த சின்ன அறைக்குள் கொண்டுபோய் வைத்தார். அவர்களில் ஒருவருக்கு அதற்குள் பிரசவ வலியே எடுத்துவிட்டது. சுவரோரமாக அணைத்துப் பிடித்தபடி பிரசவ அறைக்குக் கூட்டிப்போனார். சுட்ட இருவரில் உயிரோடு பிடிபட்டவன் கசாப். அவனைப் பின்னால் அடையாளம் காட்டிய சாட்சிகளில் இதே நர்ஸும் ஒருவர்.

அடுத்து, இரண்டாவது குண்டு. அதே 2008இல், ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தன. காயமடைந்தவர்களைக் கொண்டுபோன சிவில் மருத்துவமனையிலேயே, உதவிக்குக் கூடியவர்கள் நடுவே, அடுத்த குண்டு வெடித்தது. கோவையில் 1998 பிப்ரவரி 14 அன்று நடந்ததும் தொடர் வெடிப்புதான். 58 பேர் இறந்தார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டதும் வேடிக்கை பார்க்க ஓடுவது நம் ஊர்ப் பழக்கம். அந்தப் பழக்கத்தைக் கணக்கில் எடுத்துத்தான் இரண்டாவது குண்டை வைக்கிறார்கள். காயம்பட்டவரைத் தூக்கப் போகிறீர்களா, போங்கள். தூக்கிக்கொண்டு உடனே விலகுங்கள். வேறு எதற்காகவும் அந்த இடத்தில் நிற்காதீர்கள். உரிமையாளர் தெரியாத பையைத் தொடவோ நகர்த்தவோ வேண்டாம். வி.டி. நிலையத்தில் தாக்குதல்காரர்கள் விட்டுப்போன வெடிகுண்டுப் பை ஒன்று பயணிகளின் கைவிடப்பட்ட சாமான்களோடு சேர்ந்து குவியலில் கிடந்து, ஒரு வாரம் கழித்து டிசம்பர் 3ஆம் தேதிதான் கண்டுபிடிக்கப்பட்டது. அத்தனை நாளும் அந்த நிலையத்தில் ஜனங்கள் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

இனி ரத்தம். இதைப் பொறுமையாகப் படியுங்கள். பெரியவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். தொடையின் பெருந்தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆம்புலன்ஸ் வரும்வரை அது காத்திருக்காது. எனவே முதலில் கையால் அழுத்துங்கள். சுத்தமான துணிதான் வேண்டும் என்று தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். தொற்றுக்கு மருந்து உண்டு, போன ரத்தம் அங்கேயே போய்விடும். முழங்கையை மடக்காமல், உடம்பின் எடை முழுவதும் இறங்கும்படி காயத்தின் மேல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் உறையத் தொடங்கிய ரத்தம் பிய்ந்துவிடும். பத்து நிமிடம் எடுக்கவே கூடாது. துணி நனைந்தால் அதன் மேல் இன்னொன்று வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள்.

கையிலோ காலிலோ பீறிட்டால் இறுக்குக் கட்டு. காயத்துக்கு மேலே, உடம்பின் நடுப்பகுதியை நோக்கி 5 முதல் 7 சென்டிமீட்டர் தள்ளி, மூட்டின் மேல் வராமல் கட்ட வேண்டும். துணி குறைந்தது 4 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். துப்பட்டாவை மடித்தால் போதும். கயிறும் ஒயரும் சதையை அறுக்கும், தமனியை மூடாது. பெல்ட்டும் பெரும்பாலும் போதுமான அளவுக்கு இறுகாது. துணியை ஒரு முடிச்சுப் போட்டு, அதன் மேல் கெட்டியான குச்சியோ எவர்சில்வர் கரண்டியோ வைத்து இன்னொரு முடிச்சுப் போட்டு, ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, குச்சி திரும்பாதபடி கட்டிவிடுங்கள். பேனா பென்சில் வைத்தால் முறுக்கும்போதே ஒடிந்துவிடும். அரைகுறையாக இறுக்கினால் ரத்தப்போக்கு இன்னும் மோசமாகும்: தோலருகே இருக்கும் சிரை மூடிக்கொள்ளும், ஆழத்தில் இருக்கும் தமனி ஓடிக்கொண்டே இருக்கும். வலியில் அவர் அலறுவார்; அதற்காகத் தளர்த்தாதீர்கள். கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலோ கையிலோ எழுதிவிடுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

இடுப்பு மடிப்பு, அக்குள் போன்ற இடத்தில் கட்டுப் போட முடியாது. அங்கே துணியைக் காயத்துக்குள்ளேயே ஆழமாகத் திணித்து அழுத்த வேண்டும். குத்தி நிற்கும் இரும்பையோ கண்ணாடியையோ பிடுங்காதீர்கள், பல நேரம் அதுதான் ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கும். குடிக்கத் தண்ணீர் கொடுக்காதீர்கள், அறுவைசிகிச்சைக்கு மயக்க மருந்து தர வேண்டியிருக்கும். குண்டுவெடிப்பில் செவிப்பறை கிழிந்தவருக்கு நீங்கள் கத்துவது கேட்காது; முகத்துக்கு நேராக நின்று கையால் காட்டுங்கள். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் மூச்சுத் திணறுபவரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், வெடியின் அழுத்தம் நுரையீரலைச் சிதைத்திருக்கலாம்.

நடக்க முடிகிறவர்கள் சற்றுத் தள்ளியிருக்கும் மருத்துவமனைக்குப் போவது பெரிய உதவி. மிக அருகிலுள்ள மருத்துவமனையில் முதலில் நிரம்புவது லேசான காயக்காரர்களால்தான். கடுமையாக அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வரும்போது அங்கே கட்டில் இருக்காது.

போன் விஷயம். வீட்டுக்கு அழைக்காமல் ஒரு வரி குறுஞ்செய்தி அனுப்புங்கள், நெரிசலிலும் அது போய்ச் சேர வாய்ப்பு அதிகம். நேரலை மட்டும் வேண்டவே வேண்டாம். மும்பையில் தாக்குதல்காரர்கள் புகுந்திருந்த நரிமன் ஹவுஸ் கட்டடத்தின் மாடியில் கமாண்டோக்கள் ஹெலிகாப்டரிலிருந்து இறங்குவதைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. பாகிஸ்தானில் இருந்தவர்கள் அந்த ஒளிபரப்பைப் பார்த்தபடி உள்ளே இருந்தவர்களுக்குப் போனில் உத்தரவு கொடுத்தார்கள். 2012 ஆகஸ்டில் கசாபின் மேல்முறையீட்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தொலைக்காட்சிகளைக் கடுமையாகக் கண்டித்தது. 2015இல் கேபிள் தொலைக்காட்சி விதிகளிலேயே தடை வந்தது: தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கையை நேரலையில் காட்டக்கூடாது, அதிகாரி அவ்வப்போது தரும் தகவலை மட்டும் சொல்லலாம். இன்று ஒவ்வொரு கையிலும் ஒரு சேனல் இருக்கிறது. அந்த விதியை நாமே நமக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் படம் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பான இடத்திலிருந்து எடுத்த படத்துக்கு மதிப்பு உண்டு. பத்திரிகைப் புகைப்படக்காரர் செபாஸ்டியன் டிசூசா ரயில் பெட்டிகளுக்குள் மறைந்து நின்று எடுத்த படங்கள் வழக்கில் சான்றாயின. எடுத்த படத்தை வெட்டாதீர்கள், எழுத்து போடாதீர்கள். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரம் இடம் போன்ற விவரங்களும் உதிர்ந்துவிடும். மூலக் கோப்பு போனிலேயே இருக்கட்டும். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் எண்ணும் வேண்டும். சந்தேக நபரின் முகத்தை ஊருக்கெல்லாம் பரப்பினால் இன்னொரு கேடும் உண்டு. பின்னால் பலரோடு சந்தேக நபரையும் நிறுத்திச் சாட்சியைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு நடக்கும்போது, சாட்சி ஆளை நேரில் பார்த்த நினைவில் காட்டினாரா, போனில் பார்த்த படத்தை வைத்துக் காட்டினாரா என்று எதிர்த்தரப்பு கேட்கும். நியாயமான கேள்வி.

இதில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். 2006 ஜூலை 11 மாலை மும்பையின் மேற்கு ரயில் தடத்தில் 11 நிமிடத்தில் 7 குண்டுகள் வெடித்து 180க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் தண்டிக்கப்பட்ட 12 பேரையும் விடுவித்தது. டாக்ஸி ஓட்டுநர்கள் போன்ற சாட்சிகள் 100 நாளுக்கு மேல் கழித்துத்தான் வாக்குமூலம் தந்தார்கள், இவ்வளவு நாள் ஒரு பயணியின் முகத்தை நினைவில் வைத்திருக்க என்ன காரணம் என்று நீதிமன்றம் கேட்டது. அடையாள அணிவகுப்பை நடத்தியவருக்கு அந்த அதிகாரமே இல்லை என்றது. அந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ள உச்ச நீதிமன்றம் தடை விதித்திருக்கிறது. விடுதலையானவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பவில்லை. 19 ஆண்டு கழித்து, இறந்தவர்களின் குடும்பத்துக்கும் பதில் இல்லை, சிறையில் இளமையைத் தொலைத்தவர்களுக்கும் பதில் இல்லை.

ஆகவே அன்றிரவே எழுதுங்கள். டிவி போடுவதற்கு முன்னால், பக்கத்து வீட்டாரிடம் பேசுவதற்கு முன்னால். பிறர் சொன்னதும் திரையில் பார்த்ததும் நம் நினைவோடு கலந்துவிட்டால் பிரித்தெடுக்கவே முடியாது. எங்கே நின்றீர்கள், எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி, எத்தனை நொடி பார்த்தீர்கள், பை எந்தத் தோளில், எந்தக் கையால் எதைப் பிடித்திருந்தார், எந்தப் பக்கம் போனார். பார்த்ததைத் தனியாக, காதால் கேட்டதைத் தனியாக. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுங்கள். போலீஸ் தேடி வரும்வரை காத்திருக்காமல் நீங்களே போங்கள். நீதித்துறை நடுவர் முன்னிலையில் வாக்குமூலம் தரவும் வழி உண்டு. பயமிருந்தால் 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். உச்ச நீதிமன்றம் அதைச் சட்டத்துக்கு இணையாக ஆக்கியிருக்கிறது.

தூக்கம் வராமல், சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போடுவது சில வாரம் இருக்கும். அந்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் இன்னும் கூடும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம்.

இவ்வளவையும் குடிமக்களிடம் கேட்கும் அரசு திருப்பிச் செய்தது என்ன? வி.டி. நிலையத்தில் காலில் குண்டு பாய்ந்த ஒன்பது வயதுச் சிறுமி, அடுத்த ஆண்டு ஊன்றுகோலோடு நீதிமன்றத்துக்கு வந்து கசாபைக் கைநீட்டிக் காட்டினாள். வளர்ந்த பிறகு, தங்க ஒரு வீடு கேட்டு அவள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது.