டெல்ஃபினில் செத்தவர்களை வைத்துச் சிரிப்பவர்களுக்கு

நேற்றிலிருந்து அந்த மீம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். கடலைப் பார்க்காமலே மூழ்கிய ரஷ்ய நீர்மூழ்கியாம், டெல்ஃபின். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள்.

செத்தது 25 பேர். 1904 ஜூன் 29, பீட்டர்ஸ்பர்க், நேவா ஆறு. டெல்ஃபினுக்குள் அன்று 37 பேர். பலரும் பழகுவதற்காக ஏற்றப்பட்ட புதியவர்கள். மூழ்குவதற்காகத் தண்ணீர் நிரப்பும் தொட்டிகளிலிருந்து வரும் காற்று வெளியேற, மேல்மூடியைக் கடைசிவரை திறந்தே வைக்க வேண்டும். அந்தப் படகின் அமைப்பே அப்படி. பக்கத்தில் போன நீராவிக் கப்பல் கிளப்பிய அலை உள்ளே புகுந்துவிட்டது. பொறுப்பில் இருந்த லெப்டினன்ட் செர்காசோவும் பிழைக்கவில்லை.

இதில் அந்த மாலுமிகள் செய்த தப்பு என்ன?

ஜப்பானோடு போர் தொடங்கி சில மாதங்கள் ஆகியிருந்தன. தூரக் கிழக்குக்கு எதையாவது அனுப்பியாக வேண்டிய அவசரம். ஆட்களுக்கு முறையாகக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிப் பிரிவு பால்டிக் கடற்கரைத் துறைமுகமான லீபாவாவில் வந்ததோ 1906-ல். முதலில் படகு, அப்புறம் போர், எல்லாம் முடிந்த பிறகு பயிற்சி. இந்த வரிசையைப் போட்டது செத்தவர்களா?

என் சித்தப்பா கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டர். கூட வேலை பார்த்தவர் தொட்டிக்குள் இறங்கி மூச்சடைத்துச் செத்தார். உள்ளே காற்று எப்படி இருக்கிறது என்று யாரும் சோதிக்கவில்லை. "சொல்லாமல் இறங்கிவிட்டான்" என்று எழுதிக்கொடுத்து முடித்துவிட்டார்கள். செத்தவரின் மனைவி அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதைச் சித்தப்பாவால் இன்றுவரை சாதாரணமாகச் சொல்ல முடியாது. எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

"நூறு வருஷக் கதை" என்கிறீர்கள். இருக்கட்டும். என்னை ரஷ்ய ஆதரவாளன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அவரோடு எனக்குப் பேச்சில்லை.

"டெல்ஃபினை வடிவமைத்த புப்னோவ்மேல் தப்பில்லையா?" நியாயமான கேள்வி. உண்டு. பின்னால் அவர் வடிவமைத்த பார்ஸ் வகைப் படகுகளிலும் நீர்புகாத தடுப்புச் சுவர்கள் கிடையாது. ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் படகு முழுக்கத் தண்ணீர். ஆனால் எல்லாக் குறையும் அவருடையதல்ல. அவற்றுக்கு வரவேண்டிய டீசல் என்ஜின்கள் ஜெர்மனியில் மாட்டிக்கொண்டன, 1914-ல் போரே ஜெர்மனியோடுதான். ஆமூர் ஆற்றுப் பீரங்கிப் படகுகளின் 250 குதிரைத்திறன் என்ஜின்களைக் கழற்றிப் பொருத்தினார்கள். அந்த வகையைச் சேர்ந்த வோல்க் என்ற படகுதான் 1916 மே 17 அன்று பால்டிக்கில் மூன்று ஜெர்மன் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தது. இதற்கு மீம் வந்து நான் பார்க்கவில்லை.

டெல்ஃபினையும் தூக்கிச் செப்பனிட்டு, ரயிலில் தூரக் கிழக்குத் துறைமுகமான விளாதிவஸ்தோக்குக்கு அனுப்பினார்கள். 25 பேர் செத்த அதே படகுக்குள் ஆட்கள் மறுபடி இறங்கிக் காவலுக்குப் போனார்கள். 1905 மே மாதம் அதில் பெட்ரோல் ஆவி வெடித்து இன்னொரு மாலுமி செத்தார். அதையும் அவருடைய கவனக்குறைவு என்பீர்களா? உத்தரவு போட்டவர்களை வைத்து ஒரு மீம் செய்யுங்கள், முதல் ஆளாக நான் பகிர்கிறேன்.