மே மாதத்தில்தான் வேலையே இருக்கிறது
தொண்டு நிறுவனங்களின் திட்டத் தலைவர்களைப் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தேன். எத்தனை பெண்களைத் திட்டத்தில் சேர்த்தார் என்பதை வைத்தே திட்டத் தலைவரின் திறமையை அளக்கலாம் என்று அதில் வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. சென்னையில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் பக்கம் இளம்பெண்களுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்டங்களைப் பார்த்துக்கொண்டவள் நான். ஜூன், ஜூலையில் பெயர் சேர்ப்பது பெரிய காரியமே இல்லை. எங்களுக்கு நிதி கொடுத்தவர்களின் கணக்கு மார்ச்சோடு முடியும். புதுப் பணம் வர ஜூன் ஆகிவிடும். நடுவில் களப்பணியாளர்களுக்குச் சம்பளம் கிடையாது. பிளஸ் டூ ரிசல்ட் வருவதும், கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவதும், வைகாசி முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் அதே மே மாதம்தான்! அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, பிறகென்ன என்று கேட்டிருக்கிறார். கல்லூரி போகும் பெண்களுக்காகத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய அது நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அந்தப் பணம் கணக்கில் ஏறும். அதற்கு முன்னால் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று இ-சேவை மையத்துக்குக் கூடப் போகவும், அடையாறில் வீட்டு வேலை முடித்து இரவு திரும்பும் அம்மாவிடம் உட்கார்ந்து பேசவும் ஆள் வேண்டுமே. அந்த இரண்டு மாதச் சம்பளத்தைப் பட்ஜெட்டில் எழுதி, நன்கொடையாளரிடம் வாதாடி வாங்க வேண்டியவர் திட்டத் தலைவர். போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஜூனில் கல்லூரிக்குப் போனார்கள் என்று அவரிடம் கேளுங்கள்.