சொல்லிவிட்டுப் போனால் அதற்குப் பெயர் ஆய்வு இல்லை

நேற்றிலிருந்து அந்த முதியோர் இல்லத்தைப் பற்றிய ஆய்வு அறிக்கையை யார் யாரோ எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். "பாருங்க, குழு நேர்ல போய்ப் பார்த்துட்டாங்க, எல்லாம் திருப்தியா இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க, நீங்கதான் தேவையில்லாம பொங்கிட்டீங்க" என்று இன்பாக்ஸில் மட்டும் மூன்று பேர். அந்த இல்லத்தில் ஒரு பெரியவர் முதுகில் புண்ணோடு கிடந்த வீடியோவை நீங்களும் பார்த்தவர்கள்தானே? அந்தப் பெரியவரின் முதுகைப் பார்த்துவிட்டு அழுகிற பொம்மை போட்டவர்கள்தானே? வீடியோ வந்து ஒன்பது நாள் கழித்து, தேதி சொல்லி, நேரம் சொல்லி, குழு போயிருக்கிறது. வாசலில் வரவேற்பு. வரிசையாக நின்று போட்டோ. கட்டில்களில் மடிப்புக் கலையாத புது விரிப்பு. அந்தப் பெரியவரை மட்டும் காணோம். முந்தின நாளே வேறு எங்கோ அனுப்பிவிட்டார்களாம். யாருக்காக ஆய்வோ அவரையே பார்க்காமல் திருப்தி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

சொல்லிவிட்டுப் போனால் அதற்குப் பெயர் ஆய்வு இல்லை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

இது நானாகக் கண்டுபிடித்துச் சொல்கிற விஷயமும் இல்லை. அமெரிக்காவில் 1987ல் பராமரிப்பு இல்லங்களுக்கென்று கொண்டுவந்த சட்டத்திலேயே, முன்னறிவிப்பு இல்லாமல்தான் ஆய்வுக்குப் போக வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டார்கள். எந்தத் தேதியில் வருகிறார்கள் என்று இல்லத்துக்குத் தகவல் கொடுப்பவருக்கு 2,000 டாலர் வரை அபராதம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஒரு ஆய்வுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 15 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. தேதியை முன்கூட்டிச் சொல்வதே குற்றம் என்கிற அளவுக்காவது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. அந்த ஒன்றைத்தான் கேட்கிறேன்.

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். என் அம்மா பதினான்கு மாதம் ஒரு இல்லத்தில் இருந்தார். பக்கவாதத்தில் இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. அவர் தானாகப் புரண்டு படுக்க முடியாது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இது நர்ஸ் வேலையின் அரிச்சுவடி. அப்படித் திருப்பியதைக் குறிக்க அம்மாவின் கட்டில் காலடியில் ஒரு சார்ட் தொங்கும். நேரம், வலமா இடமா, கையெழுத்து. ஒருநாள் காலை பதினோரு மணிக்குப் போய் அந்தச் சார்ட்டை எதேச்சையாகக் கையில் எடுத்தேன். மாலை ஆறு மணி வரைக்கும் கையெழுத்து போட்டிருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு. இன்னும் வராத மத்தியானத்தில் என் அம்மாவை மூன்று தடவை திருப்பிப் படுக்கவைத்திருந்தார்கள்.

கேட்டேன். "அது சும்மா மேடம், வேலை ஈஸியா இருக்கட்டும்னு மொத்தமா போட்டுடுவோம்" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். ஆமாம், நான்தான் விட்டேன். இன்றைக்கு வரைக்கும் அது என் தொண்டையில் நிற்கிறது.

அதற்கு அடுத்த மாதம் அங்கே ஆய்வு. ஒரு வாரம் முன்பே எங்களுக்கே தெரியும். வீட்டார் எல்லோரும் வரலாம், பெரியவங்களுக்கு நல்ல துணி கொண்டுவாங்க என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அன்றைக்கு நானும் போயிருந்தேன். வந்தவர்கள் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்கள். அதே சார்ட்டை எடுத்துப் பார்த்தார்கள். எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தது. ஒருவர் டிக் போட்டார், இன்னொருவர் "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று சத்தமாகக் கேட்டார். அம்மாவுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கேட்டவர் தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். போர்வையை யாரும் விலக்கவில்லை.

நான்கு நாள் கழித்து அம்மாவைக் குளிப்பாட்டும்போது நானும் கூட இருந்தேன். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். நடுவில் கறுத்து, ஓரமெல்லாம் ஈரமாக, அந்த வாசனை. குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஆயா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்த அளவு புண் நான்கு நாளில் வந்திருக்காது. அவர்கள் டிக் போட்டுக்கொண்டிருந்தபோது அது போர்வைக்கு அடியில் இருந்திருக்கிறது.

ஒரு படுக்கைப் புண்ணைக் கண்டுபிடிக்க என்ன பெரிய கருவி வேண்டும்? திருப்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால், தோள்பட்டை, பின்தலை. எலும்பு துருத்திக்கொண்டிருக்கிற இடமெல்லாம். முதல் நிலையில் தோல் கிழிந்திருக்காது, சிவந்திருக்கும், விரலால் அழுத்தி எடுத்தாலும் அந்தச் சிவப்பு வெளுக்காது. கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அங்கேயே பிடித்துவிட்டால் ஆற்றிவிடலாம். நான்காம் நிலைக்குப் போனால் எலும்பு தெரியும். யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டியே கணிக்க 1962லேயே நார்ட்டன் அளவுகோல் வந்துவிட்டது, 1987ல் பிரேடன் அளவுகோல் வந்தது. ஆறே ஆறு கேள்விகள். உணர்வு, ஈரம், நடமாட்டம், தானாகப் புரளும் சக்தி, சாப்பாடு, தோல் உரசல். மொத்தம் 23 மதிப்பெண், 18 அல்லது அதற்குக் கீழே போனால் எச்சரிக்கை. அம்மாவுக்கு யாராவது ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஃபைலில் அந்தத் தாள் இருந்தது. வெற்றுத் தாளாக இருந்தது.

"வயசானவங்களுக்குப் புண் வரத்தான் செய்யும்" என்று சொல்பவர்களோடு பேச எனக்குத் தெம்பு இல்லை. சில பேருக்கு எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் வரும், கடைசிக் கட்டத்தில் வரும், தெரியும். என் அம்மாவுக்கு வந்தது அப்படி வந்ததில்லை.

"ஆள் பற்றாக்குறைங்க, அவங்களும் என்ன பண்ணுவாங்க" என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த ஆயா மேல் எனக்குக் கோபம் இல்லை. கணக்கைப் பாருங்கள். அம்மா இருந்த தளத்தில் தானாகப் புரள முடியாதவர்கள் பதினான்கு பேர். ராத்திரிக்கு ஒரே ஒருவர். ஒருவரைத் திருப்பி, தலையணை வைத்து, டயப்பர் மாற்ற பத்து நிமிடம் என்றால்கூட ஒரு சுற்றுக்கு 140 நிமிடம். இரண்டு மணி நேரம் என்பது 120 நிமிடம். ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கியிருக்க வேண்டும், நடுவில் யாரும் பெல் அடிக்கக் கூடாது, யாரும் கீழே விழக் கூடாது, அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூடாது. பொய்க் கையெழுத்து போடாமல் அவரால் அந்த வேலையில் இருக்கவே முடியாது. அந்தக் கணக்கை ஆய்வுக்குப் போனவர்கள் ஏன் போடவில்லை? பகல் பதினோரு மணிக்கு, எல்லா ஷிப்ட் ஆட்களையும் வரவழைத்து நிறுத்தியிருக்கும் நாளில் போனால் அது எப்படித் தெரியும்? ராத்திரி இரண்டு மணிக்குப் போங்கள். ஒரு பெல்லை அழுத்திவிட்டு எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்று பாருங்கள். குளியலறைக் குழாயைத் திறந்து தெர்மாமீட்டர் வையுங்கள், 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளில் வயதான தோலை வேகவைத்துவிடும். எடைக் குறிப்பைக் கேளுங்கள், ஒரே மாதத்தில் ஐந்து சதவீதம் குறைந்திருந்தால் அந்த மனிதர் சாப்பிடவில்லை அல்லது யாரும் ஊட்டவில்லை.

மாத்திரை டப்பாவையும் திறந்து பாருங்கள். அம்மா சாயந்திரமானால் கத்துகிறார் என்று ஒரு மாத்திரை சேர்த்தார்கள். அதற்குப் பிறகு எப்போது போன் செய்தாலும் "அம்மா நல்லா தூங்குறாங்க" என்பார்கள். நானும் நிம்மதியாக வைத்துவிடுவேன். மனநோய்க்குக் கொடுக்கிற அந்த வகை மாத்திரைகளை மறதி நோய் உள்ள முதியவர்களுக்குக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே கடுமையான எச்சரிக்கை கொடுத்தது. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. புண் வலியில் கத்தியவரைத் தூங்கவைத்திருக்கிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அப்படித்தான் நினைக்கிறேன்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். போன பதிவில் ஒருவர் கேட்டார், பதினெட்டுப் பேர் லைக் போட்டீர்கள். "பெத்த அம்மாவைக் கொண்டுபோய் இல்லத்துல விட்டவங்களுக்கு இதைப் பேச என்ன தகுதி இருக்கு?"

நான் ஏழு மாதம் வீட்டில் வைத்துப் பார்த்தேன். தனியாள். அம்மாவைத் தூக்கித் தூக்கி என் முதுகு போய், ஒருநாள் அவரைத் தூக்க முடியாமல் நானும் அவரும் சேர்ந்து குளியலறைத் தரையில் விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு வரும்வரை முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்தோம். அம்மா நன்றாக இருந்த வலது கையால் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர்தான் சொன்னார், குழறிக் குழறி, "என்னை எங்கயாவது சேத்துருடீ" என்று. அதற்குப் பிறகுதான் சேர்த்தேன். தகுதி பற்றிக் கேட்டவர் ஒரே ஒரு ராத்திரி ஒருவரைத் திருப்பிப் படுக்கவைத்திருக்கிறாரா என்று தெரியவில்லை. அவர் சொல்வதையே ஒத்துக்கொள்கிறேன், எனக்குத் தகுதி இல்லை. பிள்ளைக்குத் தகுதி இல்லை என்றால் அந்தக் கட்டிலில் கிடப்பவருக்காக வேறு யார்தான் கேட்பது? அதற்குத்தானே ஆய்வு என்று ஒன்று வைத்திருக்கிறோம்? பிள்ளை வராதவர்களுக்கு, பிள்ளையே இல்லாதவர்களுக்கு, வாய் பேச முடியாதவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் வருடத்தில் வேறு ஒரு மனிதர் வந்து பார்க்கிற நாள். அந்த நாளையும் இல்லத்தாருக்குச் சொல்லிவிட்டுத்தான் போவோம் என்கிறீர்கள்.

அம்மா போய் இரண்டு வருடமாகிறது. புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த இல்லத்து வரவேற்பறையில் அந்த வருடத்து ஆய்வுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அம்மாவின் துணிகளை வாங்கப் போனபோது பார்த்தேன்.

இன்பாக்ஸில் வந்த மூன்று பேருக்கும்: அந்த அறிக்கையை இனி அனுப்பாதீர்கள், இரண்டு தடவை முழுக்கப் படித்துவிட்டேன். அந்தப் பெரியவரின் முதுகைப் பற்றி அதில் எங்கேயாவது ஒரு வரி இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்புங்கள்.