பச்சை லைட்டு அழகா இருக்காம்ல, வந்து ஒரு நாள் உக்காந்து பாருங்கய்யா

லேசர் அடிச்சுப் போட்டோ எடுத்து காத்தோட ஓட்டத்த அளக்கற வேலை (PIV) நமக்கு. காலைல ஒன்பது மணிக்கு விண்ட் டனல் (மாடல் மேல காத்த ஓட விட்டுப் பாக்கற குழாய்) பக்கத்துல உக்காந்தவன், இப்ப மணி ஏழு, உருப்படியா ஒரு வெக்டார், அதான் காத்தோட வேகமும் திசையும் காட்டற அம்புக்குறி, அது கூட வரல. இதுல டிபார்ட்மென்ட்ல ஒருத்தர் வந்து எட்டிப் பாத்துட்டு "லேசர் அடிச்சா காத்து தெரியப் போகுது, இதுக்கு எதுக்குப்பா மூணு வாரம்"ங்கறார்.

காத்து எங்க சார் தெரியுது? தெரியறது எண்ணெய்! ஒரு மைக்ரான் சைஸ்ல எண்ணெய்த் துளிய ஊதி விட்டு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு லேசர் ஷீட் விரிச்சு, 20 மைக்ரோசெகண்ட் இடைவெளில ரெண்டு ஃப்ளாஷ், ரெண்டு போட்டோ. செகண்டுக்கு 10 மீட்டர் வேகத்துல போற காத்துல துளி அதுக்குள்ள நகர்றது 0.2 மில்லிமீட்டர், கேமரால நாலு பிக்சல். அத வச்சுத்தான் வேகத்தக் கணக்குப் போடணும், அந்த நாலு பிக்சலுக்குத்தான் இவ்ளோ பாடும்.

ஊதற எண்ணெய் சும்மா போகுதா, ஜன்னல் கண்ணாடில போய்ப் படிஞ்சு உக்காந்துக்குது, அரை மணிக்கு ஒருதரம் டனல நிறுத்தித் துடைக்கணும், துடைச்சா கோடு விழுது, அந்தக் கோடும் பச்சையா மின்னுது. சரி ஷீட்ட அலைன் பண்ணலாம்னா, 532 நானோமீட்டர, அதான் இந்த லேசரோட பச்சைய, தடுக்கறதுக்குன்னே செஞ்ச கண்ணாடிய மாட்டிக்கிட்டு அதே 532-ஐத் தேடணும், பவரக் குறைச்சு வச்சு ஒரு ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு அட்டைய அங்கயும் இங்கயும் நீட்டி எங்க மினுங்குதுன்னு தடவிக்கிட்டு இருக்கேன். கழட்டிட்டுப் பாக்கலாமேன்னு ஒரு மகான் ஐடியா குடுத்தான். கிளாஸ் 4 லேசர்டா அது, கண்ணு போனா போனதுதான்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்குவேன். ஆனா விங் மாடல பளபளன்னு பாலிஷ் போட்ட அலுமினியத்துல செஞ்சு குடுத்தாங்க பாருங்க, அங்கதான் வயிறு எரியுது. எனக்கு வேண்டியதே மேல்பரப்ப ஒட்டி வேகம் குறைஞ்சு ஓடற மெல்லிசான காத்து அடுக்கு, பவுண்டரி லேயர்; லேசர் பட்டதும் கரெக்டா அந்த இடம்தான் வெள்ளையா வெடிச்சு நிக்குது, துளி ஒண்ணும் தெரியல. கருப்பு அடிச்சுக் குடுங்கன்னு நாலு மாசம் முன்னாடியே டிராயிங்லயே எழுதி விட்டேன். கேட்டா "பாக்க நல்லா இருக்கட்டும்னு பாலிஷ் போட்டோம்"ங்கறாங்க. யாரு பாக்க?

ரோடமின்ங்கற ஒளிர்ற சாயம் கலந்த பெயின்ட் அடிச்சா பட்ட பச்சைய ஆரஞ்சா மாத்தி அனுப்பும், கேமரா முன்னாடி ஃபில்டர் போட்டு அத வெட்டிறலாம். அதெல்லாம் நமக்கு எங்க, சாதா மேட் பிளாக் ஸ்ப்ரே ஒரு டப்பா கேட்டேன். ஸ்டோர்ல இல்லையாம், இன்டென்ட் போடணுமாம்.